ஐம்பதுக்கு ஒரு கட்டு

வாக்கை எண்ணுவதில்லை இங்கே, நிறுக்கிறோம்.
தபால் கந்தோரில் பொதி நிறுக்கும் தராசைவிட
நுணுக்கமானது. ஐம்பது தாள் ஒரு கட்டு.
மூச்சுப் பட்டாலும் இலக்கம் துள்ளும் என்று
செயலாளர் ஆம்ஷ்டுட்ஸ் ஜன்னலைச் சாத்தினார்.

ஞாயிறு, காலை ஒன்பதரை.
ஹின்டர்மாட், கெமைன்டே மண்டபம், கடதாசிக் குவளையில் கோப்பி.
கடவுச்சீட்டுச் சிவப்பாகி நாலாம் வருடம்
எனக்கும் வந்தது கடிதம்:
எண்ணும் குழுவில் எட்டாவது ஆள் நீங்கள்.
வராவிட்டால் தண்டம்.

இந்த ஊரை எனக்குத் தெரியும்.
தீயணைப்பு வண்டிக்கு ஆம் என்னும்.
நீச்சல் குளத்துக்கு இல்லை.
பேர்ணிலிருந்து எது வந்தாலும் முதலில் இல்லை,
யோசிப்பதெல்லாம் பிறகு.
தேவாலய மேட்டுக்கு மேலே மாட்டுப் பண்ணைக்காரர் ஒரு பக்கம்,
ஸ்டேஷனுக்குக் கீழே வாடகை வீட்டுக்காரர் மறுபக்கம்,
நடுவில் பேக்கரி.
அது எவரோடும் வானிலை மட்டும் பேசும்.

இன்றைய கேள்வி நீளம். சுருக்கினால்:
குடியுரிமைக்குக் காத்திருக்கும் ஆண்டுகளைக் கூட்டலாமா?
ஆம் என்றோ இல்லை என்றோ
தன் கையாலே எழுதவேண்டும்.
புள்ளடி செல்லாது.

அங்கேதான் வினை.
பதினாறு வீடுகளுக்கு மருந்து கொடுக்க, கால் கழுவப் போகிறவள் நான்.
பதினாறு சமையல் மேசைகளிலும் குறிப்பு வைத்திருப்பார்கள்.
பால் இரண்டு. நீலக் குளிசை முடிந்தது. பூனையை வெளியே விடாதே.
சிலருடைய முகத்துக்கு முன்னம்
எழுத்தோடு பழகியவள்.

இரகசியம் காப்பதாகக் கையொப்பம் வைத்திருக்கிறேன்,
பெயர் சொல்லேன்.
ஆனால் செப்டம்பர் தோறும் பிளம்ஸ் கேக்கில்
பெரிய துண்டை எனக்கென்று வெட்டும் கை
ஆம் என்று எழுதியிருந்தது,
பள்ளிக்கூட அழகோடு, கீழே கோடும் இழுத்து.
ஊசி போடப் போகும்போதெல்லாம்
"உங்கள் ஆட்கள் இன்னும் எத்தனை பேர்தான்?" என்று
சட்டையை உதறி மடிக்கும் கை,
நடுக்கத்தில் எழுத்துகள் ஒன்றையொன்று ஏறி மிதிக்க,
இல்லை என்று எழுதியிருந்தது.
கடைசி எழுத்துத் தாளைவிட்டே வெளியே போயிருந்தது.
செல்லுமா என்று மூன்று பேர் கூடிப் பார்த்தோம்.
செல்லும்.

கட்டு ஐந்து. கட்டு ஆறு.
ஊரின் உள்ளங்கையை விரித்துப் பார்த்த
கைரேகைக்காரி மாதிரி
நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். மறைப்பானேன்.

ஏழாவது கட்டுக்கு அடுக்கும்போது
நடுவில் ஒரு ஆம்.
ஜெர்மன் எழுத்துத்தான்.
முடிகிற இடத்தில் மட்டும் கீழே இறங்கி
ஒரு சுழி,
ஆவன்னாவுக்குப் போடுவது போல.

அந்தச் சுழி வாடகைச் சீட்டில் இருக்கிறது.
மகளின் தேர்ச்சி அறிக்கையில் இருக்கிறது.
பதினெட்டு வருடம் காத்திருந்து
ஏழு பேர் கொண்ட குழுவுக்கு முன்னால்
இந்த ஊரின் ஓடைகளைப்
பெயர் பெயராகச் சொன்ன மனிதருடையது.

மற்றத் தாள்களின் கனம்தான் அதற்கும்.
தராசு ஒன்றும் சொல்லவில்லை.

ஆம் 359. இல்லை 243. எழுதாமல் விட்டது ஒன்பது.
ஆம்ஷ்டுட்ஸ் மாநிலத்துக்குத் தொலைபேசியில் ஒப்பித்துவிட்டு
"வழமை போல" என்றார்,
யாரையும் பாராமல்.

வீட்டில் தவநேசன் மீன் பொரித்து வைத்திருந்தார்.
"என்னவாம் ஊர்?"
"வழமை போல."
"சோறு போடட்டே?"
"போடுங்கோ."

பீல் நகரத்தில் தங்கச்சிக்கு
இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருந்தது, நேற்றுவரை.
முள்ளெடுத்துச் சாப்பிட்டோம்.
உப்புக் கொஞ்சம் கூட என்று அவரே சொன்னார்.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தார்:
நாளைக்குப் பழைய பேப்பர் எடுக்கிற நாள்.
கூடத்தில் ஒரு மாதத்துக் குவியல்.
கட்சிகளின் துண்டுப் பிரசுரங்கள் மேலாக,
ஆம் சொல்லச் சொன்னதும் இல்லை சொல்லச் சொன்னதும்
ஒன்றின்மேல் ஒன்று.
நூலை எடுத்து வந்து இறுக்கிக் கட்டினேன்.
எண்ணவில்லை.