ஈரப்பதம்

பத்தொன்பது புள்ளி நாலு என்றது மீட்டர்.
அதோடு விட்டிருக்கலாம் அவன்.
"நெல்லாம்மா இது? நனைஞ்ச கோழி மாதிரி இருக்கு."
சாக்குத் தைப்பவர்கள் சிரித்தார்கள்.
லாரி டிரைவர் சிரித்தான்.
வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற
எங்கள் ஊர் தவசீலனும் சிரித்தான்.
சாம்பிள் தட்டை வாங்கிக்கொண்டு
குவியலுக்குத் திரும்பினேன்.
ஆறு மா குத்தகை. எழுபது சிப்பம் தேறும்.
தை கடைசியில் பெய்யக்கூடாத மழை.

சொல்லவேண்டியது அந்த நேரத்தில் வராது எனக்கு.
ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் வரும்,
கொள்முதல் நிலையத்து மஞ்சள் பல்பைச் சுற்றி
பூச்சி வருகிற நேரத்தில்.
"உன் தட்டுல விழுற சோறு எந்தக் கோழி போட்டது?"
இது முதல் பதில்.
இரண்டாவது இதைவிடக் கூர்மை.
மூன்றாவதில் அவன் அம்மாவை இழுத்தேன்,
பிறகு வெட்கப்பட்டு விட்டுவிட்டேன்.
நினைக்காதே என்றேன்.
நினைக்காதே என்பதையே நாற்பது தடவை நினைத்தேன்.
நூறிலிருந்து கீழே எண்ணினேன்.
அறுபத்தெட்டில் அவன் மறுபடி சிரித்தான்.

நீடாமங்கலம் பக்கம் மின்னிக்கொண்டிருந்தது.
தார்ப்பாயின் நாலு மூலையிலும் செங்கல்,
ஒரு சொட்டு உள்ளே போகாது, அவ்வளவு இறுக்கம்.
பக்கத்துக் குவியலில் ஜுனைதாவும் அவள் தம்பியும்
போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு மணி இருக்கும். புளித்த வாடை.
தார்ப்பாயைத் தூக்கி
முழங்கை வரை கையை நுழைத்தேன்.
காய்ச்சல்காரப் பிள்ளையின் அக்குள் மாதிரிச் சூடு.
மழை உள்ளே போகவில்லை, சரி.
வெளியே போகமுடியாத ஈரம் என்ன செய்யும்?
வேகும். இன்னும் இரண்டு நாள் மூடி வைத்தால்
முளைத்தும்விடும்.

செங்கல்லை எடுத்தேன். பாயைச் சுருட்டினேன்.
குவியல் ஆவி விட்டது, மஞ்சள் வெளிச்சத்தில் தெரிந்தது.
நெல்லைப் பார்த்துக் காய் என்று எவன் அதட்டுவான்?
சும்மா உட்கார்ந்திருந்தேன்.
அப்போது வந்தது நாலாவது பதில்.
அருமையான பதில், எதுகை மோனையோடு.
வந்தது. இருந்தது.
நான் விரட்டவுமில்லை,
பாய் போட்டு மூடவுமில்லை.
கொசு கடித்தது. காலைச் சொறிந்தேன்.
திரும்பி வந்து பார்த்தால்
மோனை மறந்துபோயிருந்தது.

காலையில் கும்பகோணம் ரோட்டில் பாதி அகலத்துக்கு விரித்தோம்,
ஜுனைதா நெல் அந்தப் பக்கம், என்னுடையது இந்தப் பக்கம்.
காலால் சால் போட்டுக்கொண்டே போவது, வருவது.
அடியில் இருப்பது மேலே வரும், மேலே இருப்பது அடியில் போகும்.
அவன் சிரிப்பும் சில தடவை மேலே வந்தது.
வெயில் பட்டது.
மன்னார்குடி பஸ் ஒன்று ஓரமாக ஏறிப்போயிற்று.
ஒரு மரக்கால் நெல் நொறுங்கியிருக்கும்.
திட்ட வாயெடுத்தேன்,
"ஏய்" மட்டும் வந்தது, மீதி வரவில்லை.

மதியம் தூக்கிலிருந்து புளிச்சோறு வைத்தாள் ஜுனைதா.
"நெசமாவே கோழி மாதிரித்தான்டி இருந்துச்சு உன் நெல்லு."
அரை நொடி
உள்ளே ஏதோ எழுந்து நின்றது,
செருப்பைத் தேடியது,
பிறகு அதுவாக உட்கார்ந்துகொண்டது.
"உன்னோடது வாத்து" என்றேன்.
புரையேறச் சிரித்தாள்.

நாலு மணிக்கு மறுபடி மீட்டர்.
பதினேழு புள்ளி எட்டு.
"பதினேழு வேணும்" என்றான். இந்தத் தடவை கோழி இல்லை.
அவன் கட்டைவிரலில் அழுக்கான பிளாஸ்திரி.
நேற்றும் இருந்திருக்கும்.
"நாளைக்கு வர்றேன்" என்றேன்.

தட்டோடு திரும்பி நடந்தேன்.
இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது,
நெல்லிலும்.