பத்துக்கு எத்தனை

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
எட்டு வருடமாக என் வேலை
சில்லுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்து
தேறும், தேறாது என்று பிரிப்பது.
அளவுகள் எனக்குப் பழக்கம்.
ஆனாலும் தாதி நோர்லைலா
"வலி பத்துக்கு எத்தனை?" என்றபோது
எதை வைத்து அளப்பது என்று தெரியவில்லை.

அதுவரை நான் கண்ட பெரிய வலி
ஒரு கடைவாய்ப் பல்.
அதை ஐந்து என்று வைத்துக்கொண்டு
"ஆறு" என்றேன்.
மூன்று நிமிடத்தில் அந்தப் பல்
ஒன்றுக்கு இறங்கிவிட்டது.

முப்பத்தைந்தாவது வாரம் கொடுத்த தாளில்
எல்லாம் சுலபமாக இருந்தது.
மலாயில் மூன்று பத்தி, மூன்று கட்டம்.
முகமூடி வழியாக வாயு.
தொடையில் ஊசி, பிள்ளைக்கும் கொஞ்சம் தூக்கம் வரலாம்.
முதுகுத்தண்டில் மெல்லிய குழாய்.
குணாளன் பேனாவை நீட்டி
"உனக்கு எது வேணுமோ" என்றான்.
அது அன்பா, நழுவலா என்று
இன்றுவரை நான் முடிவு செய்யவில்லை.

கூட வேலை செய்யும் சியூ லிங்
"முதுகில் போட்டுக்கோ, யோசிக்காதே" என்றாள்.
நாத்தனார் குரல் பதிவு அனுப்பினாள், நான்கு நிமிடம்:
முதுகுவலி ஆயுசுக்கும் போகாதாம்,
வலிக்காமல் பெற்றால் பாசம் ஒட்டாதாம்.
அவளுக்கு மூன்றும் சிசேரியன்.
அதைப் பற்றி நான் கேட்கவில்லை.
எந்தக் கட்டத்தையும் குறிக்காமல்
தாளை நான்காக மடித்து
அடையாள அட்டைக்குப் பின்னால் செருகினேன்.

ரிலாவிலிருந்து வரும் வழியில் ஏழு சிவப்பு விளக்கு.
நள்ளிரவு ஒரு மணி, ஈ காக்கை இல்லாத சாலை,
ஏழிலும் நின்றான்.

"மயக்க டாக்டர் ஒருத்தர்தான்,
ஆப்பரேஷன் அறையில் இருக்கார்" என்றாள் நோர்லைலா.
தேர்ந்தெடுக்க
முதலில் கடையில் சரக்கு இருக்க வேண்டும்.
முகமூடியைக் கையில் கொடுத்தாள்.
வலி ஏறுவதற்கு முன்பே இழுக்கணும்,
ஏறிய பிறகு இழுப்பது
பஸ் போன பிறகு கை காட்டுவது.
ரப்பர் வாசனை. தலை மிதந்தது.
வலி அங்கேயேதான் இருந்தது,
நான்தான் பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தேன்.
"கார் தவணை கட்டியாச்சா" என்று
சிரித்துக்கொண்டே கேட்டேனாம்.

திரைக்கு அப்பால் ஒரு பெண்,
எந்த நாட்டுக்காரியோ,
ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள்.
அவளிடம் யாராவது தாளைக் காட்டினார்களா,
அவள் மொழியிலும் மூன்று கட்டம் இருந்ததா.

நாலே காலுக்கு டாக்டர் கூ வந்தார்,
முகக்கவசம் தாடையில் தொங்க.
தலைவலி, ரத்த அழுத்தம் இறங்குவது,
ஆயிரத்தில் இத்தனை, பத்தாயிரத்தில் இத்தனை
என்று ஒப்பித்தார்.
அந்தக் கணக்கு எனக்குப் புரியும்.
ஆயிரத்தில் அந்த ஒன்றைத் தினமும்
இடுக்கியால் எடுத்துத் தனியாக வைப்பவள் நான்.

"போடுங்க" என்றேன்.
யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னேன்.
கையெழுத்து கோட்டைத் தாண்டி
கணவர் பெயர் எழுதும் இடத்துக்குள் போய்விட்டது.

"இறால் மாதிரி வளையுங்க. அசையக் கூடாது."
அடுத்தது ஏறிக்கொண்டிருந்தது.
நோர்லைலாவின் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு
ஒன்பதில்
அசையாமல் இருந்தேன்.
வலியே தெரியாமல் பெற்றவள் என்று சொல்பவர்கள்
அந்த நிமிடங்களை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

பிறகு கால்கள் இரண்டும்
யாரோ மறந்துவிட்டுப் போன பைகளாகக் கிடந்தன.
தூங்கினேன்.
எழுப்பியபோது வெட்கப்படும் அளவுக்குத் தூங்கினேன்.

ஏழு ஐம்பதுக்கு வந்தாள்,
வழுக்கலாக, கடுங்கோபமாக.
முதல் நிமிடத்திலேயே அவளுக்கும் மார்க் போட்டார்கள்:
பத்துக்கு எட்டு.
ஐந்தாம் நிமிடம் ஒன்பது.
அந்த ஒன்று எங்கே போனது என்று கேட்டேன், தொழில் புத்தி.
"விரல் நுனி இன்னும் நீலம். அது பரவாயில்லை."

நாத்தனார் அழைத்தாள்.
"நார்மலா?"
"ஆமாம்."
"ஊசி?"
"லைன் சரியில்ல அண்ணி."
வைத்தேன்.
அப்போது போர்வைக்கு அடியில்
இடது கால் பெருவிரல்
யாரும் சொல்லாமல்
லேசாக அசைந்தது.