நான்காம் கட்டம்

மண்டபத்தில் ஒரு கல்யாண மண்டபம்.
நேற்று முகூர்த்தம் முடிந்த வாழைமரத்தை
இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை.
அதன் கீழே நுழைந்தோம்
அறுபத்து நான்கு தலைமை ஆசிரியர்கள்,
ஆளுக்கொரு கோப்பு, எழுதாத பேனா.

மாப்பிள்ளை நாற்காலியை ஓரம் தள்ளித் திரை கட்டியிருந்தார்கள்.
'தலைமைத்துவ மேம்பாடு: இரண்டாம் நாள்.'
கச்சான் காற்று அடிக்க அடிக்க
பேனரில் 'மேம்பாடு' மட்டும்
மடிந்து மடிந்து நிமிர்ந்தது.

பயிற்சியாளர் கோமதிநாயகம் நல்ல மனிதர்.
ராத்திரி ரயிலில் வந்தும் ஒரு கொட்டாவி விடவில்லை.
சார்ட்டில் குறுக்கும் நெடுக்குமாய் இரண்டு கோடு.
அவசரம், அவசரமில்லை. முக்கியம், முக்கியமில்லை.
"நான்காம் கட்டத்தில் விழுவதை
விட்டுவிடப் பழகுங்கள்" என்றார்.

வைத்துப் பார்த்தேன் என் ஒரு நாளை.
முட்டைக் கணக்கு,
கழிப்பறைக்குத் தண்ணீர் லாரி,
ஒன்பதரைக்குள் செயலியில் வருகைப்பதிவு.
மூன்றும் முதல் கட்டத்திலேயே நெருக்கியடித்தன,
சாயல்குடி கடைசி பஸ் போல.

நம்புசெல்வியை எங்கே வைப்பது?
அவளோடு இன்னும் ஆறு பேரை?
ஏழாம் வகுப்பு. பின்னக் கணக்கில் புலி.
அமாவாசை கழிந்த ஆறு நாளும்
நீர் வத்தும் நேரம் பார்த்து
அம்மாவோடு பாசி எடுக்கப் போவாள்,
விரலுக்கு விரல் துணி சுற்றி.
பதினொன்றுக்கு ஈரப் பாவாடையோடு வருவாள்.
பெஞ்சு நனையும் என்று
நின்றபடியே கணக்குப் போடுவாள்.

ஒன்பதரைக்கு அவள்
இடுப்பளவு கடலில் நிற்கையில்
நான் அவள் பெயருக்கு நேரே
பச்சையைத் தொட்டுவிடுவேன்.
கடலுக்கும் ஒரு கால அட்டவணை உண்டு.
அதில் திருத்தம் போட
எந்த அலுவலருக்கும் அதிகாரமில்லை.

மதியத்துக்கு மேல் 'சிறந்த நடைமுறைகள்.'
மைக் லேசாக ஷாக் அடித்தது.
"காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறோம்" என்றேன்.
களிமண்குண்டு என்று பெயர்தான்;
எங்கள் வளாகம் முழுக்க உப்பு மணல்.
நட்ட கத்தரி கருகி ஒரு வருஷம் ஆகிறது.
கை தட்டினார்கள்.

அடுத்து மூக்கையூர் ஃபெர்வின்.
கூட்டத்தில் வாய் திறந்து யாரும் பார்த்திராதவர்.
"ஆறாம் வகுப்பில் பதிவேட்டில் பதினொன்று.
நாலு பேர் காலையில் வலையில் மீன் கழிக்கப் போவார்கள்.
வந்ததாக நான்தான் போடுகிறேன்.
போடாவிட்டால் பெயர் போகும்,
பெயர் போனால் பிள்ளை போகும்.
சிறந்ததா என்று தெரியவில்லை. நடைமுறை."

மின்விசிறி மட்டும் பேசியது.
வட்டாரக் கல்வி அலுவலர்
வராத அழைப்பைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.
கேட்காதவராக இருக்க
அவருக்குத் தெரிந்த கருணை அது.
கோமதிநாயகம் மார்க்கரை எடுத்தார்,
நான்கு கட்டங்களையும் பார்த்தார்,
மூடி போட்டார்.

நான் எழுந்திருக்கலாம்.
'சார், எங்கள் பள்ளியிலும்.' மூன்றே சொல்.
கோப்பின் நுனியை மடக்கினேன், பிரித்தேன்.
பக்கத்தில் கீழக்கரை செய்யதம்மாள் டீச்சரும்
நுனியை மடக்கிக்கொண்டிருந்தார்.
பின்வரிசைகளை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐந்து மணிக்குச் சான்றிதழ்.
வில்வநாயகியில் ஒரு எழுத்தை விழுங்கி
'வில்நாயகி' என்று அச்சடித்திருந்தார்கள்.
சரிதான். அம்பு எடுக்காத வில்.
'இப்பயிற்சியால் உங்களிடம் ஏற்பட்ட மாற்றம்?'
இரண்டு வரி இடம் விட்டிருந்தது.
'மிகவும் பயனுள்ளது' என்று எழுதினேன்.
பயணப்படித் தாளில் மட்டும் உண்மை:
எண்பத்திரண்டு ரூபாய்.

பஸ்ஸில் முன் சீட்டில் ஃபெர்வின்.
கடலைப் பொட்டலத்தை நீட்டினேன்; எடுத்துக்கொண்டார்.
"தோட்டத்தில் என்ன போட்டிருக்கிறீர்கள், டீச்சர்?"
குறும்பில்லாமல்தான் கேட்டார்.
உச்சிப்புளி தாண்டும்வரை
கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தேன்.
பிறகு சொன்னேன்: "பாசி."

கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தார்.
"எத்தனை பேர்?"
"ஏழு."
பொட்டலத்தை என் பக்கம் திருப்பி நீட்டினார்.