தாமதத்துக்கான காரணம்

லூட்டனில் இருபத்தேழாம் எண் பேருந்து
கடைசி நிறுத்தத்தில் ஒன்பது நிமிடம் நிற்கும்.
எஞ்சினை அணைத்துவிட்டுச்
சுண்ணாம்புச் சரிவில் கால் நீட்டுவேன்.

ஜூன் முழுக்க எனக்குப் பிற்பகல் முறை.
நான் போகும் நேரம் அது கடையைச் சாத்தியிருக்கும்.
விரல் உயரக் காம்பில்
தீக்குச்சி முனைகளாய்
இறுக்கிய ரோஸ் நிறம்.
பூவென்றே நினைக்கவில்லை.

பிராங்க்ளினுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க
இரண்டு நாள் விடுப்பு.
அவன் காலை முறை என் தலையில் விழுந்தது.

பதினொன்று பத்து.
சரிவு முழுக்க விழித்திருந்தது.
ஐந்தைந்து இதழ்.
நடுவே மஞ்சள் மகரந்தப் பைகள்
யாரோ உட்கார்ந்து
ஒவ்வொன்றாகத் திருகிவிட்டதுபோல.

அலைபேசியைக் காட்டினேன்.
சென்டாரி என்றது. ஜென்ஷியன் குடும்பம்.
நம் வெள்ளறுகும் அதே குடும்பமாம்,
எந்தக் கலியாணத்துக்கும்
ஒருவரையொருவர் அழைத்திராத சொந்தம்.
ஓர் இலையைக் கிள்ளி நாக்கில் வைத்தேன்.
சொந்தம்தான்.
அந்தக் கசப்போடு மூன்று நிறுத்தம்வரை
யாருக்கும் காலை வணக்கம் சொல்லவில்லை.

மறுநாள் புல்வெட்டியோடு
நகராட்சி ஆள் நின்றான். சட்டையில் டாரா என்று பெயர்.
"இந்த மூலையை விட்டுவிடேன்."
"தாளில் புல் என்று போட்டிருக்கிறது."
"இது புல்லா, குனிந்து பார்."
காதுக் கவசத்தைக் கழற்றினான்.
குனிந்தவன் எழவே இல்லை.
முன்பு காய்ச்சலுக்குக் கஷாயம் வைப்பார்களாம் என்றேன்.
"யாருக்குக் காய்ச்சல்?" என்றான்.
ஏழு பயணிகள் கண்ணாடி வழியே
எங்களையும் கடிகாரத்தையும் பார்த்தார்கள்.

கடைசியில்
ஒரு போர்வை அகலம் விட்டு
சுற்றிலும் வெட்டிப் போனான்.
கோணலாகத்தான். பரவாயில்லை.

மாலையில் தாமதப் படிவம்.
நெரிசல், பழுது, வானிலை, பயணி.
ஒன்றில் குறியிட வேண்டும்.
பயணியில் இட்டேன்.
கீழே விவரத்துக்கு ஒரு வரி இடம்:
'காத்திருந்தேன், ஏறவில்லை.
பிற்பகலில் உறங்கிவிடும் பழக்கமுள்ளவர்.'
மேலாளர் இன்னும் கூப்பிடவில்லை.

திங்களிலிருந்து மறுபடி என் பழைய முறை.
மூன்று இருபதுக்கு எஞ்சினை அணைக்கிறேன்.
போர்வைக்குள் எல்லாரும் தூக்கம்.
கதவை மெதுவாகத் திறக்கிறேன்,
அந்தக் கதவு
எப்போதும் கொஞ்சம் சீறும்.