விண்ணப்பிக்கும் இடம்

மூன்று ஊர்களை மேசைமேல் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறோம்.
அங்காராவுக்கு உப்புக் குப்பி.
புன்டா அரீனாஸுக்கு
ரெமிஹியோவின் ஒட்டுப்போட்ட மூக்குக்கண்ணாடி.
பத்தூமிக்கு எதையும் வைக்கவில்லை.
அதன்மேல்தான் முழங்கை ஊன்றியிருக்கிறோம்.

வெளியே மழை.
இந்த ஊரில் அது செய்தி அல்ல.

அவன் நாட்டுக்கு இங்கே தூதரகம் கிடையாது.
கொடியை மட்டும் பார்த்திருக்கிறேன்,
அவன் வந்திறங்கிய கப்பலில்:
ஒற்றை நட்சத்திரம், ஓரத்தில் எண்ணெய்க் கறை.

அங்காரா என்றால்
சார்பி எல்லையை நடந்து கடந்து
ஒரு பகலும் ஓர் இரவும் பேருந்து.
கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களாம்.
எத்தனை வாரம் என்று தொலைபேசியில் கேட்டேன்.
"பொறுத்திருங்கள்" என்றாள் ஒருத்தி.
நான் கேட்டது ஓர் எண்.
அவள் தந்தது ஒரு வினைச்சொல்.
அவனுக்கோ ஜனவரியில் படகுத்துறையில் வேலை.
காத்திருப்பது நான் மட்டும்.

அல்லது சுற்றுலாப் பயணியாகப் போய் இறங்குவது,
பெட்டி நிறையக் கம்பளியும்
வாய் நிறையப் பொய்யுமாக.
அவன் அம்மாவின் முகவரியில் அங்கேயே விண்ணப்பிப்பது.
முடிவு வரும்வரை நாட்டைவிட்டு நகரக் கூடாது.

அக்கரை பச்சை என்பார்கள்.
அவன் காட்டிய படத்தில் அக்கரை சாம்பல் நிறம்.
தகரக் கூரைகள்,
காற்றுக்கு ஒரு பக்கமாகவே வளர்ந்த மரங்கள்.
எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

மார்ச்சில் என் தங்கைக்குப் பிரசவம்.
இதை நான் சொல்லவில்லை.
மூன்று நாள் சொல்லாமலே சமைத்தேன்.
நான்காம் நாள் அவனே
கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு
"த்சியூரிக்கு எந்த மாதம்?" என்றான்.

அதன் பிறகுதான் சண்டை.
கப்பல் பட்டறையிலிருந்து அவன்,
மருந்துக்கடைப் பின்னறையிலிருந்து நான்,
கைப்பேசியில், இடைவேளை தோறும்.
இருவருக்கும் தாய்மொழி அல்லாத மொழியில்
சண்டை போடுவதில் ஒரு வசதி:
கொடிய சொற்கள் தெரியாது.

நீ முதலில் போ, நான் பிறகு வருகிறேன்.
பிறகு என்றால்?
பிறகு என்றால் பிறகு.
உன் தங்கை.
உன் அம்மா.
எத்தேரி, உனக்கு வரவே விருப்பமில்லை.

பகல் பதினொன்று ஏழுக்கு வந்தது அது.
மாலைவரை பதில் போடவில்லை.
அன்று இருமல் மருந்து கேட்டவருக்குக்
கண்சொட்டு எடுத்துக் கொடுத்தேன்.

திருமணம் உண்மையானது என்பதற்குச்
சான்று வேண்டும் என்றது பட்டியல்.
எங்களிடம் நான்கே புகைப்படங்கள்.
ஒன்றில் என் கண் மூடியிருக்கிறது.
ஒன்றில் பூனை மட்டும் இருக்கிறது.
"கடிதம் இருந்தால் சேருங்கள்"
என்றார் மொழிபெயர்ப்பாளர் கஹாபர்.
இரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருப்பவர்கள்
என்னத்தைக் கடிதம் எழுதுவது?
சண்டைதான் இருந்தது. அச்செடுத்தோம்.
நாற்பத்தொரு பக்கம்.

பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து
ஸ்பானிய மொழிக்கு மாற்றினார் மனிதர்.
பதினேழாம் பக்கத்தில்
தலை நிமிராமலே கேட்டார்:
"கடைசியில் எந்த ஊர்?"

நாங்கள் இன்னும் பேசி முடித்திருக்கவில்லை.
"அங்காரா" என்றேன்,
மருந்துச் சீட்டு வாசிக்கிற குரலில்.
ரெமிஹியோ சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.
பிறகு எத்தனை மணிக்குப் பேருந்து என்று கேட்டான்.

கணவர் வரத் தேவையில்லை,
தெளிவாகவே போட்டிருந்தது.
பதினான்காம் இருக்கையில் அமர்ந்து,
கோப்பைத் தலைக்கு வைத்து,
திராப்ஸோன் வருமுன்பே தூங்கிவிட்டான்.

படிவத்தில் ஒரு கட்டம் பாக்கி:
கணவர் தற்போது வசிக்கும் இடம்.
வண்டி குலுங்குகிறது. கட்டம் சிறியது.
அவன் தலைக்கடியிலிருந்து
கோப்பை உருவினால்தான் எழுத முடியும்.

விடியட்டும்.