நான்கு நொடி வரை உண்மை

வடகடல் ஓரம், மதகுக் கட்டுப்பாட்டு அறை,
விடிய இன்னும் நேரமிருந்தது.
ஒரு கட்டத்துக்காகச் சண்டை போட்டோம் மூன்று பேரும்.
தரவுத்தளத்தில் ஒரே ஒரு கட்டம்.
நீர்மட்டம்: இரண்டு மீட்டர் பதினான்கு.
எண் சரிதான்.
பிறந்து ஐந்து நொடி ஆகிவிட்டது,
அவ்வளவுதான் அதன் குற்றம்.

"பழசோ புதுசோ, ஏதோ ஒன்று இருக்கட்டுமே.
வெறுங்கட்டம் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது"
என்றார் யோரிட்,
முப்பது குளிர்காலம் மதகோடு கிடந்தவர்.

மாக்டெல்ட் வாதாடவில்லை.
வெள்ளைப் பலகையில்,
எழுத்துக்கு மாத்திரை குறிப்பதுபோல்
ஒவ்வொன்றுக்கும் ஆயுள் குறித்தாள்.
காற்றுக்கு அரை நொடி.
அலைக்கு ஒன்று.
நீர்மட்டத்துக்கு நான்கு, அதற்கு மேல் கிடையாது.
கீலில் ஏறும் துருவுக்கு ஒரு மாதம்.
"துருவுக்கு என்ன அவசரம்."

பிறகு நெடுநேரம் யோசித்து
இன்னொரு விதி எழுதினாள்:
காற்றும் நீரும் தனித்தனியே உயிரோடிருந்தாலும்
ஒரே வேளையில் கண்டவை இல்லையென்றால்
ஒரு கணக்கில் சேர்ந்து உட்காரக் கூடாது.
செத்துப்போன மாமாவைக்
கல்யாணப் படத்தில் ஒட்டவைத்ததுபோல்
இரண்டு உண்மை கூடி ஒரு பொய்யாகும்.

'மூடு' என்ற முடிவுக்கு எண்ணூறு மில்லி நொடி.
எண்ணூற்றொன்றில் வந்தால்
அது தாமதமான பதில் அல்ல,
பதிலே அல்ல.
(எங்கள் சுவர்க்கடிகாரம் மூன்று நிமிடம் பிந்தி ஓடுகிறது,
போன வருடத்திலிருந்து.
யாரும் ஏணி கொண்டுவரவில்லை.)

பழைய புயல் ஒன்றின் பதிவை
ஒத்திகைக்கு ஓடவிட்டோம்.
மூன்றாம் தூணின் உணரி பாதியில் வாயடைத்தது.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
கட்டம் தன்னைத் தானே துடைத்துக்கொண்டது.
தெரியாது என்று சொல்லத் தெரிந்த வெறுமை.
யோரிட் நாற்காலியின் கையைப் பற்றினார்.
அமைப்பு அடுத்த தூணைக் கேட்டது:
இரண்டு மீட்டர் தொண்ணூற்றாறு, வயது சுழி.
திரையில் மதகுகள் வரிசையாக இறங்கின.
பழைய எண் கிடந்திருந்தால்
'பொறு' என்றிருக்கும், நிதானமாக,
நம்பும்படியான குரலில்.

"இந்தத் தடவை சரி" என்றார் யோரிட்.
காப்பி ஆறிப் பாடை கட்டியிருந்தது.

அப்புறம் கைபேசியை எடுத்து
அவளிடம் நீட்டினார்.
மகன் அனுப்பியது, ஒன்பது நாளுக்கு முன்:
'அப்பா, ஞாயிறு வருகிறீர்களா?'
"இதற்கு எவ்வளவு ஆயுள் போடுவாய்?"

மாக்டெல்ட் இரண்டு முறை படித்தாள்.
"எந்த ஞாயிறு என்று எழுதவில்லையே" என்றாள்.

கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார்
முதல் எழுத்தை.
வெளியே ஓதம் ஏறிக்கொண்டிருந்தது, நிஜமானது,
நாங்கள் குறித்த எதையும்
படிக்காமல்.