ஒரே உயரத்தில்

வொர்ணா-6 என்று பெயர் வைத்தது நான்தான்.
இல்லாத நாட்டின் காலாட்படைக்கு
இல்லாத ஆலையில் வார்த்த இயந்திரத் துப்பாக்கி.
எடை ஒன்பது கிலோ முந்நூறு.
அதையும் கேட்டார்கள்,
திரைக்குள் யார் தூக்கிப் பார்க்கப்போகிறார்களோ.

கொக்குவிலில் வாடகை மேல்மாடி.
கரண்ட் போனால் நாற்பது நிமிடம் தாங்கும்
ஒரு பெட்டியை நம்பிக்
குழலுக்கு உறை வரைந்தேன்.
சூடு வெளியேறத் துளைகள் வேண்டும்.
எத்தனை என்று பிடிபடவில்லை.
கீழே போய்
இடியப்ப உரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தேன்.

குழல் மாற்ற ஐந்து விநாடி.
கை படும் இடத்தில் பெயின்ட் தேய்ந்திருக்க வேண்டும்:
ஒருவனும் பிடிக்காத பிடியில்
பத்து வருசத்துக் கை.
அதில் நான் கெட்டிக்காரி.
அரிதான மரம் ஏதும் போடு என்றார்கள்.
கிணற்றடிக் கொட்டிலின் பனஞ்சலாகையைப் படமெடுத்து
அடிக்கட்டையில் ஒட்டினேன்.
தென்கடல் கருமரம் என்று
பெயர் போய்ச் சேர்ந்தது.

எந்த ஆயுதத்துக்கும் ஒரு குறை வைக்கவேண்டும்,
அங்கே அது சட்டம்.
இல்லாவிட்டால் ஆட்டம் நியாயமாக இராதாம்.
வொர்ணா எண்பது குண்டுக்கு ஒருமுறை
ஆறு விநாடி பேசாமல் இருக்கும்.
எதிரே இருப்பவன்
அதற்குள் ஓடலாம்.
மின்னஞ்சலில் நியாயம் என்ற சொல்லை
இரண்டு தரம் வாசித்தேன்.

பிறகு சுவர் கேட்டார்கள்.
குண்டு பட்டால் காரை எப்படிப் பெயரும்,
விளிம்பு எவ்வளவு உதிரும், உள்ளே கல்லுக்கு என்ன நிறம்.
இதற்குக் கற்பனை தேவைப்படவில்லை.
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஒழுங்கை,
பாதி மதில், பதினேழு துளை.
காலை வெயில் சரிவாக விழும் நேரம்
அடிமட்டத்தை உள்ளே விட்டு
ஆழம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாரத்தை மடித்துக் கட்டியபடி வந்தார் அருளம்பலம்,
மின்சார சபையில் மீட்டர் வாசித்து ஓய்வுபெற்றவர்.
"கச்சேரியில இருந்தோ, பிள்ளை?"
நான் வாய் திறக்க முதல்
உள்ளே போய் ஒரு ஃபைலோடு திரும்பினார்.
காணி உறுதி. கிராம சேவகரின் கடிதம்.
எப்போதோ கொடுத்த விண்ணப்பத்தின் பிரதி,
அந்தப் பிரதியின் பிரதி.
"வந்த ஆக்கள் எல்லாரும்
றோட்டில நிண்டு பாத்திட்டுப் போனவை.
நீங்கள் அளக்கிறியள்.
அளந்து எழுதினாத்தான் மேல போகும்."
குடிக்கத் தண்ணி தந்தார்.
டம்ளர் குளிர்ந்திருந்தது.

சொல்வதற்கு ஒரேயொரு வசனம்தான் இருந்தது.
தண்ணியைக் குடித்தேன்.

படங்கள் போயின. பாராட்டு வந்தது,
காரையின் உதிர்வு அற்புதம் என்று.
ஒரு திருத்தம் மட்டும்:
துளைகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கின்றன,
ஒன்றை நகலெடுத்து வரிசையாக ஒட்டியதுபோல.
இயல்பாகத் தெரிய
மேலும் கீழும் சிதறவிடவும்.

அந்த உயரம் எனக்குத் தெரியும்.
அடிமட்டம் பிடிக்க
நான் குனியவுமில்லை, எட்டவுமில்லை.

இரவு பதினொன்றரைக்குள் சிதறவிட்டேன்.
ஒன்றை முழங்காலுக்கு இறக்கினேன்,
இரண்டை மதிலின் தலைக்கு ஏற்றினேன்,
ஒன்று மூலையில் தனியாக.
முடித்துவிட்டுத் தள்ளி இருந்து பார்த்தால்
ஒருவரையும் குறிவையாதவன்
சுட்டதுபோல வந்திருந்தது.
அனுப்பினேன். சரி என்றார்கள்.

அதன்பிறகு ஸ்டேசனுக்குச் சுற்றுப்பாதையால்தான் போவேன்.
காசு வந்த கிழமை, மழை இருட்டு,
ரயிலுக்குப் பிந்திவிட்டது,
ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்பினேன்.

மதிலில் ஒவ்வொரு துளையையும் சுற்றி
நீலச் சோக்கில் ஒரு வட்டம்.
பக்கத்தில் மீட்டர்க்காரரின் அச்சுப்போன்ற இலக்கம்,
0001, 0002,
அடுத்த முறை நான் வரும்போது
ஒன்றும் விடுபடாமல் இருக்க.
0017 வரை ஓடிக்கொண்டே பார்த்தேன்.

கேற்றுத் தூணின் மறுபக்கத்தில்,
நான் அளக்காமல் விட்ட இடத்தில்,
0018.